பட்டாணி மீனுக்கு ஒரு பிரசவ அறை

கேரளத்து ஆறுகளிலிருந்து அள்ளி ஏற்றுமதி செய்யப்படும் குட்டி மீனை வீட்டுத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியும். வலை போடுவது அதைவிடச் சுலபம் என்பதுதான் சிக்கல்.

மீனை டன் கணக்கில் எடைபோட்டுப் பழகிய ஊர் கொச்சி. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு வந்து நின்றால் கூடை கூடையாக இறங்குகிறது. கோட்டைக் கொச்சியின் சீன வலைகள் சுற்றுலாப் பயணிகளின் காமிராவுக்காகவாவது தண்ணீரில் முங்கி எழுகின்றன. நாட்டின் கடல் உணவு ஏற்றுமதியைக் கவனிக்கும் எம்பெடாவின் தலைமையகமும் இங்கே பனம்பிள்ளி நகரில்தான். இறாலும் கணவாயும் டாலராக மாறும் இந்த ஊரில், இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மீனுக்காக யார் கவலைப்படப் போகிறார்கள்?

கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மீனை வீட்டுத் தொட்டியில் வைத்துக்கொண்டு, பாசிக்கொத்தில் முட்டை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் அவர்கள். மலையாளத்தில் அதன் பெயர் ஆற்றுண்டா. உலகெங்கும் மீன் வளர்ப்பவர்கள் ‘பீ பஃபர்’ என்கிறார்கள், பட்டாணி அளவே இருப்பதால். தமிழகக் கடற்கரையில் வலையில் மாட்டினால் மீனவர்கள் சலிப்போடு தூக்கி எறியும் பேத்தை மீனுக்கு இது நன்னீர்ச் சொந்தம். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பில் கரும்புள்ளிகள். ஹெலிகாப்டர் மாதிரி ஒரே இடத்தில் நின்று திரும்பும். இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். மிரண்டால் தண்ணீரைக் குடித்து உருண்டையாக ஊதிக்கொள்ளும். ஒரு தடவை கடையில் இதனிடம் கண் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் ஓடும் ஆறுகளிலும் அவை சேரும் காயல்களின் நன்னீர்ப் பகுதிகளிலும்தான் இது இயற்கையாக வாழ்கிறது: பம்பா, பெரியாறு, மூவாற்றுப்புழா, சாலக்குடியாறு, தமிழகத்து ஆனைமலையில் பிறக்கும் பாரதப்புழா. 1941-ல் சுந்தர்லால் ஹோராவும் கே. கிருஷ்ணன் நாயரும் பம்பா ஆற்றிலிருந்து எடுத்த மீனை வைத்து இதை உலகுக்கு அறிவித்தார்கள். அப்போது அது திருவாங்கூர் சமஸ்தானம். மீனின் விஞ்ஞானப் பெயரில் அந்த சமஸ்தானம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

கவலைக்குக் காரணம் ஒரு கணக்கு. கொச்சி புனித ஆல்பர்ட் கல்லூரியைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும் அவரது சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து அலங்கார மீன் சந்தைக்குப் போன நன்னீர் மீன்களில், அழியும் ஆபத்திலுள்ள 30 இனங்களைச் சேர்ந்தவை மட்டும் 15 லட்சத்துக்கும் அதிகம். அதில் பெரும்பங்கு மூன்று வகைகளுக்கு. ஒன்று போட்டியா ஸ்ட்ரியாட்டா என்ற வரிக்கோடு மீன். இரண்டாவது, கேரளத்தின் புகழ்பெற்ற ‘மிஸ் கேரளா’. மூன்றாவது நம் ஆற்றுண்டா. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீர், நிறைய ஆக்ஸிஜன், மேலே ரப்பர் பேண்டு. விமானத்தில் ஏறுவதற்கு இவ்வளவு போதும்.

மூத்த சகோதரியான மிஸ் கேரளாவின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் குட்டியின் நிலைமை புரியும். மலையாளத்தில் செங்கணியான். பக்கவாட்டில் ரத்தச் சிவப்புக் கோடு ஓடும் இந்த மீனை 1865-ல் விவரித்தவர் பிரான்சிஸ் டே, சென்னை ராஜதானியின் மருத்துவத் துறைக்காரர். கொச்சியில் வைத்தியம் பார்த்துக்கொண்டே மீன்களைச் சேகரித்தவர். மீனுக்கு அப்போதைய சென்னை கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேல் உலகம் அதைச் சட்டை செய்யவில்லை. 1997-ல் சிங்கப்பூரில் நடந்த ‘அக்வாராமா’ கண்காட்சியில் புதிய இனங்களுக்கான பிரிவில் மூன்றாவது பரிசு கிடைத்ததும் எல்லாம் தலைகீழானது. மலையடிவார ஓடைகளில் வலைகள் பெருகின.

விழித்துக்கொண்ட கேரள அரசு 2008-ல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. எத்தனை பிடிக்கலாம், எந்த வலையால் பிடிக்கலாம், எந்த மாதத்தில் பிடிக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள். ஜூன், ஜூலை, அக்டோபர் தடைக்காலம். பிற்பாடு ஆராய்ந்தபோது இந்த மீன் முட்டையிடும் காலம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்று தெரியவந்தது. தடைக்கும் மீனின் பிரசவத்துக்கும் பொருத்தமே பார்க்கப்படவில்லை. இதற்கிடையில் கொச்சியை ஒட்டிய பனங்காடு மீன்வளக் கல்லூரியில் அன்னா மெர்சியின் குழு மிஸ் கேரளாவையும் வேறு பல உள்நாட்டு மீன்களையும் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து காட்டியது. ஆனால் வியாபாரம் யாருக்கும் காத்திருக்கவில்லை. தென்கிழக்கு ஆசியப் பண்ணைகள் ஹார்மோன் ஊசி போட்டு அதே மீனை உற்பத்தி செய்து உலகச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. பெயரில் மட்டும் கேரளா.

ஆற்றுண்டாவை மட்டும் ஏன் பண்ணைகள் பெரிதாகக் கையில் எடுக்கவில்லை? சென்னை கொளத்தூரில் ஒரு சுற்று சுற்றினால் பதில் கிடைக்கும். அலங்கார மீனுக்குத் தமிழகத்தின் தலைநகரான அங்கே கப்பியும் மாலியும் சிமெண்ட் தொட்டிகளில் சளைக்காமல் பெருகுகின்றன. அவை குட்டி போடும் ஜாதி. பிறந்த குட்டி அன்றைக்கே நீந்தும், தூள் தீனி தின்னும். கோல்டு ஃபிஷ் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆற்றுண்டாவோ முட்டைகளைச் சிக்கனமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போடும். தூள் தீனியை ஏறிட்டும் பார்க்காது. ஆண்கள் இடத்துக்காக மல்லுக்கு நிற்கும். குஞ்சுகளில் கொஞ்சம் பெரியது கொஞ்சம் சிறியதைக் கடித்துவிடும். ஆள் கூலி, தீனிச் செலவு எல்லாம் போட்டுப் பார்த்தால் ஆற்றில் வலை இழுப்பதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. பண்ணைக்குக் கட்டுப்படியாகாத இந்த வேலை வீட்டுக்குக் கட்டுப்படியாகிறது. வீட்டில் கூலி என்று யாரும் கேட்பதில்லை.

மட்டாஞ்சேரி மாதிரியான இடத்துக்கு இது பொருந்தி வருவதும் அதனால்தான். ஏலமும் மிளகும் மணக்கும் பழைய கிடங்குகளுக்கு நடுவே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. குளமோ சிமெண்ட் தொட்டியோ கட்ட எங்கே இடம்? இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி என்றால் மேஜை மூலையில் அடங்கிவிடும். ஏறக்குறைய 50 லிட்டர். ஒரு ஆண், இரண்டு மூன்று பெண் என்ற சிறு குடும்பத்துக்கு இது தாராளம். கொச்சியின் வெப்பநிலைக்கு ஹீட்டரும் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு.

தண்ணீர்தான் தலைவலி. காயலும் கடலும் சூழ்ந்த இந்தப் பகுதியில் கிணற்று நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். குழாய் நீரை நம்ப வேண்டும். மேற்குக் கொச்சிக்கு அது மூவாற்றுப்புழா ஆற்றில் பாழூர் என்ற இடத்திலிருந்து எடுக்கப்பட்டு, மரடு நிலையம் வழியாக வருகிறது. ஆக, ஆற்றுண்டாவின் சொந்த ஆற்றுத் தண்ணீர்தான் வீட்டுக்கு வருகிறது, குளோரின் மட்டும் உபரி. ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் பெருமளவு போய்விடும். அவசரமென்றால் ஒரு சிட்டிகை ஹைப்போ. பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் இருட்டறையில் வைத்திருந்தார்களே, அதேதான். 2023-ன் தொடக்கத்தில் பாழூர் பம்புகள் பழுதானபோது மேற்குக் கொச்சியில் குடிக்கவே தண்ணீர் இல்லை. மீன் தொட்டிக்கு யார் தருவார்கள்? செடி அடர்ந்த தொட்டி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் செடிகள் உறிஞ்சிக்கொள்வதால் ஒரு வாரம் தண்ணீர் மாற்றத் தவறினாலும் தொட்டி தாக்குப்பிடிக்கும்.

புதிதாகத் தொட்டி வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே மீனை விடுவது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் விடப்படும் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். செதில் இல்லாத ஆற்றுண்டா இதில் இன்னும் மென்மை. செம்பு கலந்த மருந்துகளும் இதற்கு ஆகாது.

செடிகளுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ஐரோப்பியத் தொட்டிகளில் செக்கச்செவேலென்று ஜொலிக்கும் ரொட்டாலா மாக்ராண்ட்ரா தென்னிந்தியச் செடி. நிழலிலும் வளரும் லாகெனாண்ட்ரா கேரளத்து ஓடைக்கரைகளில் சாதாரணம். ஆனால் காட்டு ஓடையில் போய்ப் பிடுங்கி வந்தால், மீனுக்குச் செய்யும் அதே அநியாயத்தைச் செடிக்கும் செய்வதாகும். ஒருவர் தொட்டியில் கிள்ளிப் போடும் தண்டு இன்னொருவர் தொட்டியில் காடாகிவிடும். இனப்பெருக்கத்துக்குக் கட்டாயம் வேண்டியது ஜாவா பாசி. தேங்காய் நார் மாதிரி பின்னிக்கொண்டு வளரும் இந்தப் பாசிதான் ஆற்றுண்டாவின் பிரசவ அறை.

சாப்பாடு விஷயத்தில் இது மைனர் மாப்பிள்ளை. அசைவம்தான், அதுவும் அசைய வேண்டும். சின்ன நத்தை என்றால் உயிர். மேலே இரண்டு, கீழே இரண்டாக நான்கு பல் தட்டுகள் சேர்ந்த அலகால் ஓட்டைக் குடைந்து சதையை உருவிவிடும். தொட்டியில் நத்தை பெருகித் தொல்லை தருவதாகப் புலம்பும் நண்பர் யாராவது இருந்தால் இரண்டு பேருக்கும் லாபம். அடுத்தது கொசுப்புழு. ஐரோப்பியர்கள் யானைக்காலுக்கு ‘கொச்சின் கால்’ என்று பெயர் சூட்டிய ஊரில் இதற்குப் பஞ்சமா? ஆனால் வாளியில் தண்ணீர் வைத்து வளர்த்தால் புழு கொசுவாகப் பறப்பதற்குள் வடிகட்டி எடுத்துவிட வேண்டும். தவறினால் மீனுக்கு வைத்த விருந்து அக்கம்பக்கத்துக்கு டெங்குவாகப் போய்ச் சேரும், சுகாதார ஊழியர் வாசலில் நிற்பார். சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்ப்பது நல்லது, நோயையும் கூட்டிக்கொண்டு வரும். தொட்டியில் வளர்த்த டாஃப்னியா என்ற தண்ணீர்ப் பூச்சி நிம்மதியானது.

ஆண், பெண் தெரிய கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும். வளர்ந்த ஆணின் வயிற்றில் நடுவாக ஒரு கருங்கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கங்கள் மாதிரி மெல்லிய வரிகள் தோன்றும். பெண் உருண்டையாக இருக்கும். இதில் ஒரு தந்திரம் உண்டு. வலுவான ஆண் ஒன்று ஆட்சி செய்யும் தொட்டியில் மற்ற ஆண்கள் பெண் மாதிரியே அடக்கமாக வேஷம் காட்டுவதுண்டு. பெரிய ஆணை வேறு தொட்டிக்கு மாற்றினால் சில நாளில் வேஷம் கலைந்துவிடும். ஐந்தாறு குட்டிகளாக வாங்கி வளர்த்துப் பிறகு பிரிப்பதே அனுபவஸ்தர்களின் வழி.

நல்ல தீனி கிடைத்தால் காதலுக்கு நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. ஆணின் நிறம் அடர்த்தியாகும். பெண்ணைப் பாசிக்கொத்து வரை துரத்திக்கொண்டு போகும். இரண்டும் பாசிக்குள் பக்கத்தில் பக்கமாக ஒட்டி நிற்கும் ஒரு சில நொடிகளில் காரியம் முடிந்துவிடும். முட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், கண்ணாடி மாதிரி. தெரியாதவர் கண்ணுக்குக் காற்றுக் குமிழி. பெற்றவர்களே தின்றுவிடக்கூடும் என்பதால் பாசிக்கொத்தை அப்படியே எடுத்து அதே தண்ணீர் நிரப்பிய சின்னப் பெட்டிக்கு மாற்றுகிறார்கள். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த முட்டையை இங்க் ஃபில்லரால் உறிஞ்சி அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து முட்டைக்கும் தொற்றும்.

சுமார் ஐந்து நாளில் பொரிக்கும். வெளியே வருவது மீன் என்று சொன்னால் நம்பக் கொஞ்சம் கஷ்டம். ஒரு நிறுத்தற்குறிக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாள் வயிற்றிலுள்ள கருவுணவிலேயே ஓட்டும். அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது உண்மையான சோதனை. அந்த வாய்க்குள் நுழையும் அளவில் தீனி வேண்டும், அதுவும் உயிரோடு. முட்டை வந்த அன்றைக்கே ஒரு பாட்டில் தண்ணீரில் வாழைச் சருகையோ முட்டைக்கோஸ் இலையையோ ஊறப்போட்டு வைத்தவர்கள் தப்பித்தார்கள். சில நாளில் அந்த நாற்றத் தண்ணீரில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும், சொட்டுச் சொட்டாக விடலாம். ஒரு வாரம், பத்து நாள் போன பிறகு புதிதாகப் பொரித்த ஆர்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களில் காணப்படும் அதே உப்பு நீர் இறால் பூச்சிதான். அதன் உலர்ந்த முட்டைகள் கடையில் கிடைக்கும், உப்புத் தண்ணீரில் காற்று ஓட்டினால் ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். தினமும் இரண்டு மூன்று வேளை தீனி, தினமும் அடி வண்டலை உறிஞ்சி எடுக்கும் வேலை, அளவு பார்த்துக் குஞ்சுகளைப் பிரித்து வைக்கும் வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டியதுதான். நான்கு முட்டையில் இரண்டு குஞ்சு தேறினால் இந்த வட்டாரத்தில் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுத் தொட்டிகளில் தேறும் இந்தக் குஞ்சுகளால் ஏற்றுமதி நின்றுவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆற்றில் பிடிப்பதே பாவம் என்று சொல்வதும் சரியில்லை. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்ற ஊர் கார்டினல் டெட்ரா என்ற குட்டி மீனைப் பிடித்து விற்றே பல காலம் பிழைத்தது. மீன் இருக்கும்வரைதான் வருமானம் என்பதால் காட்டை அழிக்கும் வேலைகளுக்கு அந்த மக்கள் போகத் தேவை இருக்கவில்லை என்று வாதிடுகிறது அங்கே இயங்கும் ‘பியாபா’ திட்டம். கேரளத்திலும் வலை போடுகிறவர் ஏழை. ஆற்றுண்டாவுக்கு எமன் அவர் மட்டும் அல்ல. மணல் அள்ளி ஆற்றுப் படுகையையே காலி செய்தாயிற்று. 1976-ல் வந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை வேம்பநாட்டுக் காயலில் உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் தாளத்தையே மாற்றிவிட்டது. 2024 மே மாதம் ஏலூர், எடையாறு பகுதியில் பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததைக் கொச்சி மறந்திருக்காது. அங்கே வலை போட்டவர் யாரும் இல்லை. ஆனால் பார்செலோஸில் எந்த மீன் எவ்வளவு போகிறது என்று கணக்கு வைக்க ஆள் இருக்கிறது. இங்கே மிஸ் கேரளாவுக்கே தடைக்காலம் தப்பாகப் போயிற்று என்றால் பட்டாணிக்கு யார் கணக்கு வைப்பது?

உற்சாகத்தில் சிலர் செய்யத் துடிக்கும் ஒரு காரியம், வீட்டில் பிறந்த குஞ்சுகளை ஆற்றில் கொண்டுபோய் விடுவது. எந்த ஆற்று மீனின் வாரிசு என்று தெரியாததை வேறு ஆற்றில் கலப்பதும், தொட்டி நோயை ஆற்றுக்குக் கொடுப்பதும் உதவி ஆகாது. தொட்டியிலிருந்து வெளியேறியவை செய்த கூத்தை கேரளம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடியாற்றில் அமேசான் ஆற்றின் ராட்சத அரபைமா வலையில் சிக்கியது. 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப் பாண்டியில் நீர்ப்பரப்பு முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்க ஜனங்கள் குடும்பத்தோடு திரண்டார்கள். பூத்தது தென்னமெரிக்காவிலிருந்து மீன் தொட்டி வழியாக வந்த கபோம்பா. உள்ளூர் நீர்ச்செடிகளை மூச்சு முட்ட வைக்கும் களை.

ஆற்றுண்டாவோடு பட்டியல் முடிந்துவிடவில்லை. வேம்பநாட்டுக் காயலின் நடுவே இருக்கும் பாதிராமணல் தீவிலிருந்து ரேமா தேவியும் ஏ.ஜி.கே. மேனனும் 1990-களின் தொடக்கத்தில் விவரித்த ஹோரடாண்டியா பிரிட்டானி, மூன்று சென்டிமீட்டரைத் தொடாத குட்டிக் கெண்டை. இலங்கை மீனின் கிளையினம் என்று முதலில் கருதப்பட்ட அதற்கு 2013-ல்தான் தனி இனம் என்ற அந்தஸ்து கிடைத்தது. வயநாட்டு ஓடையிலிருந்து 2018-ல் அறிவிக்கப்பட்ட டாரியோ நீலாவின் ஆண், பெயருக்கேற்ற நீலம். சின்ன மீன் என்று அலட்சியமாக விட்டதில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ. இவை பெயர் சூட்டப்பட்டவுடன் நேராக ஏற்றுமதிப் பட்டியலுக்குப் போகுமா என்பதுதான் பயம்.

கடையில் வாங்கப்போகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொட்டியில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா என்று கேட்பது. எல்லாக் கடைக்காரரும் உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. மீனிடம் கேட்டுவிடலாம். ஆற்றிலிருந்து பல கை மாறி வரும் ஆற்றுண்டா பெரும்பாலும் நாள் கணக்கில் பட்டினி, பல சமயம் குடலில் புழுவும் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் தெரியும். அதைத் தனித் தொட்டியில் வைத்துப் பூச்சி மருந்து கொடுத்துத் தேற்ற வேண்டும். வீட்டில் பிறந்தது தொப்பையோடு கண்ணாடி அருகே வந்து, இரண்டு கண்ணையும் இரண்டு திசையில் உருட்டி, கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்க்கும்.